ஒரு முழத்துக்கு மேல் நீளாத குழாய்

வடதமிழகத்துப் பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள கழனிக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு பரிசோதனை. பப்பாளி இலைக் காம்பு ஒன்றை ஒடித்து இரு முனைகளையும் சீவினால் நல்ல குழாய் கிடைக்கும். உள்ளே வெறும் காற்றுதான். கிணற்றுப் படியில் உட்கார்ந்து ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு, மறுமுனை வெளியே நிற்கும்படி, தலை மூழ்கும் வரை இறங்குங்கள். மூக்கை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்படியில் துணைக்கு ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். மூச்சு வரும், போகும். இன்னும் ஒரு படி இறங்கினால் நெஞ்சு கனக்கும். அதற்கும் கீழே போக நினைத்தால் எவ்வளவு நீளக் காம்பு கையில் இருந்தாலும் பயனில்லை. குழாய் திறந்திருக்கிறது, மேலே காற்று வேண்டிய மட்டும் இருக்கிறது, ஆனால் விலாக்கூடு விரிய மறுக்கிறது.

பழைய படங்களில் கதாநாயகன் நாணல் தண்டை வாயில் வைத்துக்கொண்டு குளத்தின் அடியில் ஒளிந்திருப்பான். கரையில் குதிரை வீரர்கள் தேடிவிட்டுப் போவார்கள். ஒளிந்திருக்கலாம், தவறில்லை. ஆனால் அவன் முதுகு நீர்மட்டத்துக்கு ஒரு முழத்துக்குள்தான் இருக்க முடியும். நின்று பார்க்கும் வீரனுக்கு அது தெரியாமல் போகாது.

கடலில் முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி அடியில் உள்ளதைப் பார்ப்பதை ஸ்நார்க்கெலிங் என்கிறார்கள். மத்தியதரைக் கடல் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு இது கோடைக்காலப் பொழுதுபோக்கு. ராமேஸ்வரத்திலும் திருகோணமலையிலும் இப்போது வாடகைக்குக் கண்ணாடியும் குழாயும் கிடைக்கின்றன. கடையில் விற்கும் குழாயை அளந்து பாருங்கள். 35 அல்லது 40 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. எந்த நாட்டில், எந்த விலையில் வாங்கினாலும் அளவு ஏறக்குறைய இதுவே. இந்த நீளத்தை நம் உடம்பு முடிவுசெய்திருக்கிறது. எங்கே போய், எப்போது போய், என்ன பார்க்கலாம் என்பதெல்லாம் இந்த ஒரு முழக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் எடை. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோல் மீதும் 100 கிராம் நீர் கூடுதலாக அழுத்துகிறது. மார்பின் முன்பரப்பு 30க்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்தால் 900 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 90 கிலோ. நுரையீரலுக்குள் இருப்பதோ குழாய் வழியே மேலிருந்து வந்த சாதாரணக் காற்று. அதற்கு இந்தக் கூடுதல் அழுத்தம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் 90 கிலோவைத் தள்ளி விலக்கியாக வேண்டும். ஆரோக்கியமான ஓர் ஆண் தன் முழு பலத்தையும் கூட்டி ஒரே ஒரு தடவை உறிஞ்சினால் உண்டாகும் விசை, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர நீரைத் தூக்கும் அளவு. அது ஒரு தடவைக்கு. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அப்படி இழுக்க யாராலும் முடியாது. 1911இல் வியன்னாவைச் சேர்ந்த உடலியல் மருத்துவர் ராபர்ட் ஸ்டிக்லர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போய் 2 மீட்டரில் முயன்றபோது இதயம் வீங்கிப் படுக்கையில் விழுந்தார்.

இரண்டாவது கணக்கு எச்சில் காற்று. சாதாரணமாக நாம் ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர். அதில் சுமார் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழலிலுமே தங்கி, ரத்தத்தைத் தொடாமல் திரும்பிவிடும். 2 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் இன்னும் 125 மில்லி தங்கும். மிச்சம் 225 மில்லிதான் புதுக் காற்று. அதையும் சமாளிக்கலாம், மூச்சைச் சற்று ஆழமாக, நிதானமாக இழுத்தால் போதும். குழாய் ஒரு மீட்டர் நீளமானால் அதற்குள் மட்டும் 314 மில்லி நிற்கும். அப்புறம் கணக்கு சிரிக்கிறது: 500 மில்லியில் 36 மில்லி போக மற்றதெல்லாம் நாம் சற்றுமுன் வெளியே விட்ட காற்று. கடலில் முதல் தடவை மிதப்பவர்கள் பயத்தில் வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு விடுவார்கள். எச்சில் காற்றே உள்ளும் வெளியும் ஓடுவதால் மூச்சு முட்டுவது போலிருக்கும். பயம் இன்னும் கூடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடத் தோன்றும். மருந்து எளிது: கால் தரையில் படும் இடத்தில் நின்று, முகத்தை மட்டும் நீரில் வைத்து, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. ஐந்து நிமிடத்தில் உடம்பு கற்றுக்கொள்ளும்.

இந்த ஒரு முழ விதியை மீறும் பிராணி ஒன்று உண்டு. முக்குளிப்பவர்கள் வாயில் குழாய் வைத்திருப்பதையும் யானையின் துதிக்கையையும் ஒப்பிட்டு அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுக்க மூழ்குபவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். ஒப்புமை அவர் நினைத்ததைவிட ஆழமானது. யானை ஆற்றைக் கடக்கும்போது உடல் முழுக்க மூழ்கி, துதிக்கையின் நுனி மட்டும் மேலே தெரியும். அப்போது அதன் நுரையீரல் நீர்மட்டத்துக்கு சுமார் 2 மீட்டர் கீழே இருக்கும், ஸ்டிக்லரைப் படுக்கவைத்த அதே ஆழம். நமக்கும் பிற பாலூட்டிகளுக்கும் நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள். நடுவே வழுக்கலான ஒரு துளி நீர். அந்த ஆழத்தில் குழாய் வழியே மூச்சிழுத்தால் சவ்வின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தாங்காது. யானையை அறுத்துப் பார்த்தவர்கள், அதற்கு அந்த இடைவெளியே இல்லை, நுரையீரல் விலாவோடு ஒட்டிக்கிடக்கிறது என்று 300 ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்தார்கள். ஏதோ நோய் என்றுகூடச் சந்தேகித்தார்கள். 2001இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெஸ்ட் ஒரு விளக்கம் தந்தார்: இடைவெளியைத் தடித்த இணைப்புத் திசுவால் நிரப்பிக்கொண்ட யானையால்தான் 2 மீட்டர் ஆழத்தில் துதிக்கை வழியே மூச்சுவிட முடியும். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

அந்தமானின் ஹாவ்லாக் தீவில் ராஜன் என்றொரு யானை இருந்தது. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, தீவுக்குத் தீவு நீந்தப் பழகியது. மரவேலை நின்ற பிறகு சுற்றுலாப் பயணிகளோடு கடலில் இறங்கியது. பவளப்பாறைகளுக்கு மேலே துதிக்கையை உயர்த்தியபடி அது நீந்தும் படங்களை உலகமே பார்த்தது. 2016இல் இறந்தது. கடலில் ஸ்நார்க்கெல் செய்தவர்களில் கருவி வாங்காதவர் ராஜன் ஒருவர்தான்.

யானையாகப் பிறக்காத நாம் மேல்மட்டத்தோடு நிற்க வேண்டியதுதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கிவிடும். 20 மீட்டரில் ரத்தம் கசிந்தால் கறுப்பாகவோ பச்சையாகவோ தெரியும். ஆழத்தில் முக்குளிப்பவர்கள் விளக்கு கொண்டுபோவது இதனால்தான். மேலே மிதப்பவருக்கு, அடியில் ஒன்றிரண்டு மீட்டரில் இருக்கும் பவளமும் மீனும் சொந்த நிறத்தோடு தெரியும். பவளமே வெயிலை நம்பி வாழும் உயிர். அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் சமைத்துத் தருவதைத்தான் அது பெரும்பாலும் உண்கிறது. ஆகவே பவளத்தோட்டத்தின் செழிப்பான பகுதி ஆழம் குறைந்த இடத்திலேயே இருக்கிறது. காசு செலவழித்து ஆழத்துக்குப் போகிறவர் பார்ப்பதைவிட அதிக வண்ணம் இலவசமாக மேலே கிடைக்கிறது என்பது என் கட்சி.

இனி கண். நம் கண்ணின் வளைந்த முன்படலம்தான் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்கிறது. காற்றிலிருந்து படலத்துக்குள் நுழையும்போது ஒளி வளைகிறது. நீரிலிருந்து நுழைந்தால் அநேகமாக வளைவதில்லை, ஏனென்றால் படலமும் நீரும் ஒளிக்கு ஒன்று போலத்தான். கிணற்றுக்குள் கண் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவதற்குக் கண் எரிச்சலைவிட இதுவே பெரிய காரணம். கண்ணுக்கு முன்னால் ஒரு கையளவு காற்றைக் கட்டிவைத்தால் போதும், பார்வை திரும்பிவிடும். முகக்கண்ணாடி செய்வது அவ்வளவே. கண்ணாடியின் தட்டைப் பரப்பில் ஒளி ஒருமுறை வளைவதால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியதாகவும், உள்ள தூரத்தில் முக்கால் தூரத்திலும் தெரியும். கடலில் பார்த்த மீனின் நீளத்தைச் சொல்பவரிடம் கால் பங்கைக் கழித்துக்கொள்வது நியாயம்.

அந்தமான் கடலின் தாய்லாந்துக் கரையோரம் வாழும் மோக்கென் மக்களின் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமலே அடியில் சிப்பி பொறுக்குவார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் அவர்களைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கு மேல் துல்லியமாகப் பார்த்தார்கள். நீருக்குள் கண்பாவையை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கிக்கொள்வதும் லென்சை முழுமூச்சாகக் குவிப்பதும்தான் அவர்கள் வித்தை. பிறகு ஸ்வீடன் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார், அவர்களுக்கும் வந்தது.

கண்ணாடி வாங்கும்போது மூக்கையும் சேர்த்து மூடும் வகையையே வாங்க வேண்டும். நீச்சல்குளக் கண்ணாடி கண்ணை மட்டும் மூடும். இரண்டு மீட்டர் இறங்கினாலே உள்ளே உள்ள காற்று சுருங்கி, கண்ணைப் பிடித்து இழுக்கும். மூக்கு உள்ளே இருந்தால் லேசாக மூச்சை ஊதி அழுத்தத்தைச் சமன் செய்யலாம். வாடகைக் கடையில் பொருத்தம் பார்க்க வாரைக் கட்ட வேண்டாம்: முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுங்கள், விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. ஒரு சங்கடம் உண்டு. மீசை. விளிம்பு மீசை முடியின் மேல் உட்கார்ந்தால் இடுக்கு வழியே நீர் புகும். வாசலின் தடவிச் சமாளிப்பவர்கள் உண்டு. நம் ஊர் மீசையின் கனத்துக்கு அது எவ்வளவு எடுபடும் என்பது வேறு விஷயம். கண்ணாடியில் பனி மூட்டம் படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவுவது உலகெங்கும் உள்ள வழக்கம். குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு துளியும் அதே வேலையைச் செய்யும். நீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும்.

குழாயும் கண்ணாடியும் தயார். இப்போது தெளிந்த நீர் வேண்டும். அதை அளக்க ஒரு கருவி உண்டு, அதன் பிறப்பிடம் மத்தியதரைக் கடல். 1865இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, போப்பாண்டவரின் கப்பலில் ஏறி வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம்தான் தெளிவின் அளவு. இன்றுவரை கடலாய்வாளர்கள் அதைச் செக்கித் தட்டு என்றே சொல்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் தட்டும் கயிறும் இருந்தால் பள்ளிப்பட்டுக் கிணற்றிலும் இதை அளக்கலாம். பாசி பிடித்த கோடைக் கிணற்றில் இரண்டு முழத்திலேயே தட்டு மறைந்துவிடலாம். கிழக்கு மத்தியதரைக் கடலில் அது 50 மீட்டரையும் தாண்டித் தெரிந்திருக்கிறது. 1986இல் அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் ஏறக்குறைய 80 மீட்டர் வரை தெரிந்தது; அது கிட்டத்தட்ட சுத்த நீரின் எல்லை.

பள்ளிப்பட்டுப் பக்கம் தொடங்கும் கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியைக் கடந்து, 136 கிலோமீட்டர் ஓடி, எண்ணூரில் வங்கக் கடலில் சேர்கிறது. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டில் தரைப்பாலங்களுக்கு மேல் செந்நிறமாக ஓடும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு, அது போய்ச் சேரும் கடல் ஏன் கலங்கியிருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஆற்று வண்டலும், கரையோரம் வடக்கு தெற்காக ஓயாமல் மணலை நகர்த்தும் அலையும், எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்த கடலில் தட்டு மறைய அதிக ஆழம் வேண்டாம். வண்டல் மூடினால் பவளப் பூச்சிக்கு மூச்சு முட்டும், பாசிக்கு வெளிச்சம் போய்விடும். தமிழ்நாட்டின் பவளப்பாறைகள் ஏன் தெற்கே மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஒதுங்கியிருக்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம். அங்கே மழை குறைவு. பக்கத்துப் பெரிய ஆறான வைகை, கடலைத் தொடுவதற்கு முன்பே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிந்துவிடுகிறது; பெருவெள்ள ஆண்டுகளில்தான் மிச்சம் கடலுக்குப் போகும். ஆகவே கொசஸ்தலைக் கரைக்காரர் பவளத்தைப் பார்க்க ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தெற்கே போக வேண்டியிருக்கிறது.

மத்தியதரைக் கடல் அவ்வளவு தெளிவாக இருப்பதன் காரணம் கொஞ்சம் சோகமானது. அங்கே ஆவியாகிப் போகும் நீர், ஆறுகளும் மழையும் தருவதைவிட அதிகம். குறைவை அட்லாண்டிக்கின் மேல்மட்ட நீர் வந்து நிரப்புகிறது. அதில் உரச்சத்து குறைவு. உரமில்லாததால் மிதவைப் பாசி இல்லை, பாசி இல்லாததால் மீனும் சொற்பம். தெளிந்த கடல் பசித்த கடல். நம் கடல் கலங்கல், ஆனால் வலை நிறையும். சுற்றுலாப் பயணியும் மீனவரும் ஒரே கடலை விரும்ப மாட்டார்கள்.

ராமேஸ்வரத்தில் எப்போது இறங்குவது? அந்தத் தீவின் மீனவர்கள் வடபக்கத்துப் பாக் விரிகுடாவை வடகடல் என்றும், தென்பக்கத்து மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாகும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வந்தால் தலைகீழ். ஒரு குறுகிய நிலத்துண்டின் இரு பக்கமும் இரண்டு வேறு நாட்காட்டி. காற்று அலையை எழுப்ப, அலை அடிமண்ணைக் கிளப்ப, நீர் பால் போலாகிவிடும். இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களே, அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, பார்ப்பதற்கு நல்ல காலம். அன்றாடக் கணக்கில் காலை 8 மணியிலிருந்து 11 மணி வரை. அதற்கு முன் வெயில் சாய்ந்து விழுந்து நீர்ப்பரப்பிலேயே தெறித்துப்போகும். பிற்பகலில் கடற்காற்று கிளம்பி நீரைக் கலக்கும்.

இடம் பற்றிச் சொல்ல முதலில் சட்டத்தைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. அனுமதியின்றித் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. பாம்பனுக்கு அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகு போகிறது. நீரில் இறங்கிப் பார்க்க விரும்புவோருக்கு வடகடல் பக்கம்தான் வசதி: ராமேஸ்வரத்தின் ஓலைக்குடா, சங்குமால் கரை, உச்சிப்புளி அருகே பிரப்பன்வலசை. இன்னும் வடக்கே தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டையும் கடற்புல்லையும் காட்ட ஊர்மக்களும் வனத்துறையும் சேர்ந்து படகு விடுகிறார்கள். தெளிவு நல்ல நாளிலும் சில மீட்டர்தான். விளம்பரப் படங்களில் உள்ள நீலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எதிர்பார்க்க வேறு நிறைய இருக்கிறது. மூளை வடிவ முருகைக்கல்லின் மேல் வண்ணாத்தி மீன்கள் ஜோடி ஜோடியாகச் சுற்றும். கிளி மீன் பவளத்தைக் கடித்துத் தின்று, அரைத்த மணலைப் பின்னால் விட்டுச்செல்லும். பவளத் தீவுகளின் வெண்மணலில் கணிசமான பங்கு இவற்றின் வயிற்றின் வழியே வந்ததுதான். மணலில் கடல் அட்டை அசையாமல் கிடக்கும், தொட்டால்கூடச் சட்டம் பாயும் வகை அது. காது நீருக்குள் போனதும் கடுகு தாளிப்பது போல விடாத படபடப்பு கேட்கும். பாறை இடுக்குகளில் உள்ள சிறு இறால்கள் ஒற்றைக் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. கடற்புல் வெளியில் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரே இடத்தில் அசையாமல் மிதந்தால் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்தப் புல்லைத்தான் ஆவுளியா என்று இவ்வூர்க்காரர்கள் சொல்லும் கடல் பசு மேய்கிறது. 2022இல் பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர் அதற்கென்று காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நேரில் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

பவளத்தின் நிலையை மறைப்பதில் பயனில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை வெட்டியெடுத்த பல்லாண்டுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நின்றால், பவளம் தன் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் சித்திரை, வைகாசி வெயிலில் அநேகமாக ஆண்டுதோறும் இது நடக்கிறது. பெரும்பாலும் மழைக்குப் பின் தேறிவிடும். 2016இல் தேறவில்லை, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக வீழ்ந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்துவருகிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டு, அலை மட்டுப்பட்டது. மண்டபம் கரையில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி தப்பி, குருசடையின் பவளத்தைப் போர்த்தி மூடியது வேறொரு கதை. 1984இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே முளைத்து மத்தியதரைக் கடலெங்கும் பரவிய காலர்ப்பா பாசி அதன் மூத்த உதாரணம்.

பவளம் இவ்வளவு நலிந்திருக்கும்போது மிதப்பவரும் எதையும் மிதிக்கக் கூடாது. களைத்தால் பவளத்தின் மேல் நிற்கத் தோன்றும். ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கும். காலில் மாட்டும் துடுப்பு பழகாதவர்களுக்கு வேண்டாம். நீச்சல் தெரிந்தவர்களும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால் காலைத் தொங்கவிடாமல் படுத்தே மிதக்கலாம். உப்புநீரின் அடர்த்தி கிணற்று நீரைவிட இரண்டரை சதவீதம் அதிகம், தூக்கிப் பிடிக்கும். உடம்பில் தடவும் சன்ஸ்கிரீன் களிம்புகளில் உள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாயும் பலாவுவும் அவற்றைத் தடைசெய்துவிட்டன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் களிம்பே தேவையில்லை, முதுகும் வேகாது. பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்க மூழ்கும்போது, புடவைக்கு மேல் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, காலில் ரப்பர் செருப்பு என்றுதான் போகிறார்கள். பாறையையும் முள்ளையும் அன்றாடம் தொட்டு வாழ்பவர்களின் உடை அது. மணலில் நடந்துபோகும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும்.

இரண்டு ஆபத்துகளைப் பலரும் அறிவதில்லை. நீருக்குள் ஒலி காற்றில் செல்வதைப் போல நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் செல்வதால் இரண்டு காதுக்கும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. விசைப்படகு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மிதவை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றது, மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கித் தம் கட்டுவது. கிணற்றில் பந்தயம் கட்டும் பையன்களின் பழைய உத்தி இது. அப்படிச் செய்வதால் ரத்தத்தில் பிராணவாயு கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு வாங்கு என்று மூளைக்கு அவசரம் சொல்வது கரியமில வாயு. அந்த எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு இறங்கினால், எந்தத் தவிப்பும் இல்லாமலே நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரர்கள்தான் இதில் அதிகம் போகிறார்கள். தனியாக இறங்காதீர்கள், ஒருவர் மூழ்கினால் மற்றவர் மேலே இருந்து பார்க்கட்டும்.

ராமேஸ்வரத்தில் கச்சான் கலக்கும் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை தெளிந்துவிடும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே இடுப்பளவு நீரிலேயே துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களைப் பார்க்கலாம். மனிதரைக் கண்டால் விலகிப்போகும் இனம். அதே நாட்டின் தென்மேற்கில் ஹிக்கடுவைக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பருவக்காற்றின் திசையைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு ஆண்டின் எல்லா மாதங்களிலும் எங்காவது ஒரு கரை திறந்திருக்கும்.

பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ ஐரோப்பாவுக்குப் போன தமிழர்கள், கோடை விடுமுறையில் சைப்ரஸ், கிரீட் தீவுகளில் முகக்கண்ணாடியை மாட்டினால் முதலில் வியப்பது அந்தத் தெளிவைத்தான். அப்புறம் வெறுமையை. அங்கே வெப்பமண்டலப் பவளப்பாறை கிடையாது. பொசிடோனியா என்னும் கடற்புல் வெளிகளும் பாறைகளும் உண்டு. இபிசா, ஃபார்மென்டெரா தீவுகளுக்கு நடுவே உள்ள ஒரு பொசிடோனியாப் படர்கொடிக்குப் பல்லாயிரம் ஆண்டு வயதிருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். கிழக்குப் பகுதியில் பல இடங்களில் பாறைகள் பாசியே இல்லாமல் மொட்டையாக இருக்கும். அதற்குக் காரணமான மீனை ராமநாதபுரத்துக்காரர் பார்த்தவுடன் கண்டுகொள்வார். ஓரா மீனின் உறவினங்கள் இரண்டு, 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியே செங்கடலிலிருந்து அங்கே குடியேறி, எதிர்க்க ஆளில்லாமல் பாசியை மேய்ந்து தீர்க்கின்றன. சைப்ரஸில் பொரித்துச் சாப்பிடுகிறார்கள், ருசியானது என்கிறார்கள். முதுகுத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. வலையிலிருந்து எடுக்கும்போது நம் மீனவர்கள் அதை எப்படி எச்சரிக்கையாகப் பிடிப்பார்களோ, அங்கேயும் அப்படியே பிடிக்க வேண்டும்.